டிஜி-6க்கு முதல் ஸ்ட்ரோப்: 40 ஆயிரத்துக்குள் முடியுமா, டார்ச்சே போதுமா?

பெசன்ட்நகர் பாலு:
எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் ஒலிம்பஸ் டிஜி-6 கேமரா, அதைத் தண்ணீருக்குள் கொண்டுபோக பிடி-059 ஹவுசிங் (தண்ணீர் புகாத உறை) இரண்டும் இருக்கின்றன. புதுச்சேரிப் பக்கம் டைவ் போனால் படமெல்லாம் ஒரே பச்சை. கேமராவின் சொந்த ஃப்ளாஷைப் போட்டால் படம் முழுக்க வெள்ளைப் புள்ளி. பிப்ரவரியில் அந்தமான் போகிறோம், அதற்குள் ஒரு ஸ்ட்ரோப் (ஹவுசிங்குக்கு வெளியே தனியாக மாட்டும் ஃப்ளாஷ்) வாங்கிவிடலாம் என்று பார்க்கிறேன். பட்ஜெட் 40 ஆயிரம். அதற்கு மேல் வீட்டில் வாயைத் திறக்க முடியாது. கூட வரும் நண்பரோ வீடியோ லைட் போதும் என்கிறார். எது சரி?

கோவளம் டார்ச்:
நண்பர் சொல்வதுதான் சரி. லைட் என்றால் வெளிச்சம் எங்கே விழுகிறது என்று க்ளிக் செய்வதற்கு முன்பே கண்ணுக்குத் தெரிந்துவிடும். வீடியோவுக்கும் ஆச்சு, நைட் டைவுக்கும் ஆச்சு. ஸ்ட்ரோப் வாங்கினால் அதோடு நிற்காது. ட்ரே, ஆர்ம், கிளாம்ப், கேமரா ஃப்ளாஷைப் பார்த்து ஸ்ட்ரோப் அடிக்க ஃபைபர் கேபிள் என்று ஒவ்வொன்றாகப் பணத்தைப் பிடுங்கும். பழகும்போதே எதற்கு இந்தத் தலைவலி?

நீலாங்கரை நண்டு:
டார்ச் அண்ணே, நைட் டைவுக்கு ஒத்துக்கொள்கிறேன். பகலில் எடுபடாது. கணக்கைப் பாருங்கள்: 1000 லூமன் விளக்கு, ஷட்டர் 1/100 நொடி. கேமரா திறந்திருக்கும் நேரத்தில் விளக்கு தருவது 10 லூமன்-நொடிதான். சின்ன ஸ்ட்ரோப்கூட அதைப்போல் பல மடங்கை ஒரே வெட்டில் கொட்டிவிடும். அந்த வெட்டு நொடியில் ஒரு துணுக்குதான் என்பதால் மீன் அசைந்தாலும், அலை நம்மை ஆட்டினாலும் படம் கலங்காது. டார்ச்சை நம்பினால் வெளிச்சம் பத்தாமல் டிஜி-6 ஷட்டரை 1/30க்கு இறக்கும், அந்தக் கேமராவில் ஷட்டர் வேகத்தை நாமாக வைக்கவும் வழியில்லை. வாலில்லாத மீனாகத்தான் வரும்.

கோவளம் டார்ச்:
கணக்கெல்லாம் சரி தம்பி. நம் தண்ணீரைப் பார்த்தீர்களா? மழை முடிந்த கையோடு அடையாறும் கூவமும் கொண்டுவந்து தள்ளும் மண்ணில் 3 மீட்டர் தெரிந்தாலே பெரிய விஷயம். அங்கே போய் ஸ்ட்ரோப் அடித்தால் பாலு சொன்ன அதே வெள்ளைப் புள்ளி, இன்னும் பெரிதாக.

நீலாங்கரை நண்டு:
இல்லை அண்ணே. கேமரா ஃப்ளாஷ் லென்ஸுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. லென்ஸுக்கும் மீனுக்கும் நடுவில் மிதக்கிற தூசி அத்தனையிலும் நேராகப் பட்டுத் திரும்புகிறது, அதுதான் புள்ளி. ஸ்ட்ரோப்பை ஆர்மில் மாட்டிப் பக்கவாட்டில் தள்ளி, லென்ஸ் முகப்புக்குக் கொஞ்சம் பின்னால் வைத்துப் பாருங்கள். முகத்தை மீன் பக்கம் திருப்பாமல் நேராகவோ, லேசாக வெளியே பார்த்தோ விட வேண்டும். அப்போது வெளிச்சத்தின் உள்விளிம்பு மட்டும் மீனைத் தொடும், நடுவிலுள்ள தண்ணீர் இருட்டாகவே இருக்கும்.

புதிதாக வாங்குகிறவர்கள் எல்லோரும் மீனைக் குறிபார்த்துத் திருப்புவார்கள். அங்கேதான் கெடுகிறது. மற்றபடி கிட்டே போங்கள். ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று அடித்தால் வெளிச்சம் போய்த் திரும்ப 3 மீட்டர் தண்ணீரைக் கடக்கிறது. சிவப்பைத் தண்ணீர்தான் முதலில் விழுங்கும், 3 மீட்டரிலேயே அதில் கணிசமாகப் போய்விடும். இரண்டடிக்குள் வந்தால்தான் நிறம்.

கோவளம் டார்ச்:
டார்ச்சையும் அதே ஆர்மில் அதே மாதிரி மாட்டலாமே?

நீலாங்கரை நண்டு:
மாட்டலாம். வெளிச்சம் பத்தாது என்றுதானே மேலே சொன்னேன்.

மந்தைவெளி மீனா:
நீங்கள் இரண்டு பேரும் ஓயப்போவதில்லை. பாலு, ஸ்ட்ரோப் என்று முடிவானால் எந்த ஸ்ட்ரோப் என்பதில்தான் கவனம் வேண்டும். பட்ஜெட்டுக்குள் எல்லோரும் முதலில் கைகாட்டுவது சீ அண்ட் சீ ஒய்எஸ்-03. நல்ல பொருள்தான், ஆனால் டிடிஎல் (எவ்வளவு வெளிச்சம் என்று கேமராவே முடிவு செய்வது) மட்டும்தான். வெளிச்சத்தை நாமே கூட்டிக் குறைக்கும் மேனுவல் கிடையாது. இனான் எஸ்-2000இல் இரண்டும் உண்டு. நான் மேனுவல் உள்ளதைத்தான் வாங்கச் சொல்வேன்.

நீலாங்கரை நண்டு:
மீனா அக்கா, புதியவருக்கு டிடிஎல் போதாதா? கேமராவே அளந்து போடுகிறது. தண்ணீருக்குள் காற்றைப் பார்ப்பாரா, ஆழத்தைப் பார்ப்பாரா, ஸ்ட்ரோப்பைத் திருகிக்கொண்டிருப்பாரா?

மந்தைவெளி மீனா:
டிடிஎல் ஏமாறும் இடம் எது தெரியுமா? பின்னால் வெறும் கடல், நடுவில் சின்ன மீன். ஃபிரேமில் முக்கால்வாசி இருட்டு என்பதால் கேமரா வெளிச்சம் போதவில்லை என்று நினைத்து ஏற்றிவிடும், மீன் சுண்ணாம்பாகிவிடும். மேனுவலில் எப்போதும் இரண்டடி தூரம் என்று வைத்துக்கொண்டால் திருகு ஒரே இடத்தில் நிற்கும். முதல் டைவிலேயே கை பழகிவிடும். கேமரா ஃப்ளாஷ் அளவு பார்க்க முன்கூட்டி ஒரு வெட்டு வெட்டினால், அதை விட்டுவிட்டு இரண்டாவதற்கு அடிக்கும்படி ஸ்ட்ரோப்பை வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்று. ஸ்ட்ரோப் வந்ததும் கேமராவில் இருக்கும் ‘அண்டர்வாட்டர்’ ஒயிட் பேலன்ஸை (நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பு) எடுத்துவிடுங்கள். அது இல்லாத சிவப்பைச் சேர்க்கும் வேலை. ஸ்ட்ரோப் சிவப்பைக் கொடுத்த பிறகு அதுவும் சேர்ந்தால் களவா மீன் ரோஸ் நிறத்தில் வரும்.

ரிச்சி தெரு ராஜா:
நான் ஒன்று சொல்லவா? தரையில் படமெடுக்கும் பழைய லேண்ட் ஃப்ளாஷ் ஒன்று வாங்கி அக்ரிலிக் பெட்டிக்குள் வைத்து ஒட்டிவிட்டால் மொத்தமே 5 ஆயிரம்.

மந்தைவெளி மீனா:
ராஜா, ஃப்ளாஷுக்குள் இருக்கும் கெப்பாசிட்டர் சில நூறு வோல்ட்டில் ஏறி நிற்கும். 18 மீட்டரில் அந்தப் பெட்டியைச் சுற்றிக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு காற்றழுத்தம். உப்புத்தண்ணீர் உள்ளே போனால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். உங்கள் தெருவில் நல்ல நிக்கல் செல்லும் சார்ஜரும் பாலுவை வாங்கச் சொல்லுங்கள், அது உபகாரம். ஏஏ அளவில் நான்கு செல் ஒரு செட். இரண்டு செட் வேண்டும். அல்கலைனைவிட நிக்கல் செல்லில் ஸ்ட்ரோப் சீக்கிரம் மறுபடி தயாராகும்.

ரிச்சி தெரு ராஜா:
சரி அக்கா, பெட்டி கேன்சல். அப்போது செகண்ட் ஹேண்ட்?

மந்தைவெளி மீனா:
செகண்ட் ஹேண்டுக்கு நான் எதிரி இல்லை. இந்த பட்ஜெட்டில் எஸ்-2000 அப்படித்தான் மாட்டும். படத்தைப் பார்த்துப் பணம் அனுப்பாதீர்கள், நேரில் பாருங்கள். பேட்டரி மூடியைத் திறந்து ஸ்பிரிங்கில் பச்சை படிந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். படிந்திருந்தால் ஒருமுறை தண்ணீர் குடித்த பொருள், திரும்பி வந்துவிடுங்கள். அடுத்தது, ஃபுல் பவரில் தொடர்ந்து பத்து முறை அடித்துப் பாருங்கள், இடையில் ஒன்று தவறினாலும் வேண்டாம். தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கை, விற்பவர் சொல்லை நம்பாமல் புதிதாக மாற்றிவிடுங்கள். ஒரு தலைமுடி குறுக்கே கிடந்தால் போதும், மொத்தமும் போச்சு.

கோவளம் டார்ச்:
40 ஆயிரத்தில் பழைய சாமான், அதற்கு ஓ-ரிங், செல், சார்ஜர். நான் சொன்ன லைட் இதில் பாதிக்குப் பாதி. அதோடு இன்னொன்றை யாரும் பேசவில்லை. கலங்கிய தண்ணீரில் டிஜி-6 ஃபோகஸ் பிடிக்கத் திணறும். உங்கள் ஸ்ட்ரோப் வெட்டுவதற்கு முன்னால் அதற்கு வெளிச்சம் யார் தருவது?

நீலாங்கரை நண்டு:
அண்ணே, இது நியாயமான கேள்வி. சின்ன டார்ச் ஒன்று மேலே வேண்டும்தான். அதை அணைக்கக்கூட வேண்டாம், ஸ்ட்ரோப் வெட்டும்போது அது படத்தில் தெரியவே தெரியாது.

பெசன்ட்நகர் பாலு:
அப்படியானால் மேனுவல் உள்ள ஸ்ட்ரோப் ஒன்று, ஒற்றை ஆர்ம், ஃபோகஸுக்குச் சின்ன டார்ச். வேளச்சேரியில் ஒருவர் எஸ்-2000 விற்கிறார், ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கிறேன். மீனா அக்கா, நீங்களும் கூட வர முடியுமா?

மந்தைவெளி மீனா:
மதியத்துக்கு மேல் என்றால் வருகிறேன். செல்லை சார்ஜ் ஏற்றி எடுத்து வாருங்கள்; விற்பவரிடம் இருக்காது.

கோவளம் டார்ச்:
சின்ன டார்ச் எந்த மாடல் என்று என்னைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.