சிஸ்டர் நான்சி 'பாம் பாம்'முக்கு அப்புறம் எங்க போனாங்க?

இசைக்கிறுக்கன்: ராப்பர் கான்யே வெஸ்ட்டோட 'ஃபேமஸ்' பாட்டுல ஒரு பொம்பளை குரல் வருமே, அது யாருன்னு தேடிப்போனா ஜமைக்காவோட சிஸ்டர் நான்சி, 1982ல வந்த அவங்களோட 'ஒன், டூ' ஆல்பம் முழுசா கேட்டுட்டேன், ரெண்டு நாளா வீட்ல அதான் ஓடுது. இவ்ளோ திறமை இருந்தும் ஏன் காணாம போனாங்க?

பழைய கேசட்: காணாமலாம் போகல, பேங்க் வேலைக்குப் போனாங்க. 1996ல ஜமைக்காவ விட்டு நியூ ஜெர்சி வந்து அங்க அக்கவுண்ட்ஸ் பாத்தாங்க. ஆல்பத்துக்கு இன்னும் ஒரு பாட்டு வேணும்னு கடைசியா சேத்ததுதான் 'பாம் பாம்', அதுதான் உலகம் பூரா சுத்துச்சு, ஆனா அவங்களுக்கு அதுல பைசா வரல. ப்ரொட்யூசர் வின்ஸ்டன் ரைலி. 1998ல 'பெல்லி' படத்துலயும் அதே பாட்டு.

ரிடிம் ராஜா: ஒரு சின்ன திருத்தம், அவங்க பாடகி இல்ல, டீஜே. நமக்கு டீஜேன்னா ரெக்கார்ட் போடுறவரு, ஜமைக்கா தலைநகர் கிங்ஸ்டன்ல அவருக்குப் பேரு செலக்டர், ஓடுற ரிடிம் (பல பாட்டுக்கு அடியில திரும்பத் திரும்ப போடுற வாத்திய இசை) மேல மைக்க புடிச்சு தாளத்தோட பேசுறவங்கதான் டீஜே. இந்தப் பாட்டுக்கு அடியில ஓடுறது 'ஸ்டாலாக்' ரிடிம், 1973ல ஆன்செல் காலின்ஸ் வாசிச்சது, அந்த பேஸ்ஸ ஹெட்ஃபோன்ல கேளுங்க. கோரஸ் மேடல்ஸ்ங்கிற ஜமைக்கா குழுவோட 1966 பாட்டுலேருந்து எடுத்தது. நான்சியோட அண்ணன் பிரிகேடியர் ஜெர்ரியும் பெரிய டீஜே, ஆனாலும் அப்போ ஆம்பளைங்க கையில இருந்த மைக்க ஒரு சின்னப்பொண்ணு வாங்குறது லேசுப்பட்ட காரியமா?

இசைக்கிறுக்கன்: அப்போ இத்தன வருஷ ராயல்டி?

பழைய கேசட்: 2014ல டிவில ரீபாக் விளம்பரம் ஓடுது, அதுல இவங்க குரல். அப்பதான் பொறுத்தது போதும்னு வக்கீல புடிச்சாங்க. பாட்டுல பாதி உரிமையும் பத்து வருஷ பாக்கியும் கிடைச்சுது. அதுக்கப்புறம் பேங்க் வேலைய விட்டுட்டு திரும்ப மேடைக்கு வந்துட்டாங்க. 2017ல ராப்பர் ஜே-சி 'பாம்'னு ஒரு பாட்டு பண்ணப்போ அந்த வீடியோவுலயே இருக்காங்க, பாருங்க.

இசைக்கிறுக்கன்: இருங்க, 1982லேருந்து 2014 வரைக்கும் 32 வருஷம். பத்து வருஷ பாக்கிதான் குடுத்தாங்கன்னா மீதி 22?

ரிடிம் ராஜா: போச்சு, அவ்ளோதான். அதுவும் பேங்க்ல ஊர்க் கணக்கெல்லாம் பாத்தவங்களுக்கு.