டெல்லியில் உள்ள பழைய ஆக்டேவியா ஆர்எஸ் காரை நேரில் பார்க்காமல் வாங்கலாமா? அவசரமாக ஆலோசனை தேவை

செம்மண்சாலை | செவ்வாய், இரவு 10.40

வணக்கம். நான் கோயம்புத்தூரில் இருக்கிறேன். டெல்லியில் ஸ்கோடா ஆக்டேவியா காரின் வேகமான ரகமான ஆர்எஸ் ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. படங்களிலும் விற்பவர் அனுப்பிய காணொளியிலும் வண்டி புதிதுபோல இருக்கிறது. 21 லட்சம் கேட்கிறார். வேறு இருவரும் பேசிக்கொண்டிருப்பதால், வெள்ளிக்கிழமைக்குள் 50,000 ரூபாய் முன்பணம் அனுப்பினால்தான் எனக்காக நிறுத்திவைக்க முடியும் என்கிறார். இந்த வாரம் எனக்கு விடுப்பு கிடைக்காது. அங்கே யாரையாவது அனுப்பினால் எதையெல்லாம் பார்க்கச் சொல்ல வேண்டும்? தெரிந்தவர்கள் தயவுசெய்து உடனே சொல்லுங்கள்.

வட்டமானி | செவ்வாய், இரவு 10.58

எந்த ஆண்டு வண்டி என்று நீங்கள் சொல்லவில்லை. 2017-இல் வந்த 230 குதிரைத்திறன் வண்டியா, 2020-இல் வெறும் 200 மட்டும் இந்தியாவுக்கு வந்த 245 வண்டியா? இரண்டுக்கும் கியர்பாக்ஸே வேறு. எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, எத்தனையாவது உரிமையாளர், பதிவெண் டெல்லியா வேறு மாநிலமா, விற்பவர் உரிமையாளரா வியாபாரியா, கடன் பாக்கி உண்டா என்பவை தெரியாமல் யாரும் உங்களுக்கு உருப்படியான யோசனை சொல்ல முடியாது.

ஆற்றோரம் | செவ்வாய், இரவு 11.15

என் முதல் சந்தேகம் வெள்ளம்தான். 2023 ஜூலையில் டெல்லியில் யமுனை 208.66 மீட்டர் வரை உயர்ந்து, ஊருக்குள் தண்ணீர் புகுந்தது நினைவிருக்கும். அத்தகைய வண்டிகளைக் கழுவித் துடைத்துத் தொலைதூர மாநிலங்களுக்கு விற்பதே வியாபாரிகளுக்கு எளிது. பார்க்கப் போகிறவரிடம் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மேலே தெரியும் பகுதியைக் கழுவுவார்கள், சுருளுக்குள் இருக்கும் பகுதியில் சேற்றுக் கறை அப்படியே நிற்கும். சீட் தண்டவாளத்தின் போல்ட்டுகளில் துரு, டிக்கியில் உபரி டயர் இருக்கும் குழியில் படிந்த மண், கம்பளத்துக்கு அடியில் உள்ள பஞ்சின் ஈரம் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். 2015-இல் சென்னை வெள்ளத்துக்குப் பிறகு என் மாமா வாங்கிய வண்டியில் ஆறு மாதம் கழித்துத்தான் மின்கோளாறுகள் வரிசையாக வரத் தொடங்கின. அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

பட்டறைமூத்தவர் | புதன், காலை 6.20

தம்பி, 21 லட்சம் கொடுக்க மனம் இருக்கிறவருக்கு விமானச்சீட்டு எடுக்க மனம் இல்லை என்றால், இந்த வகை வண்டி உங்களுக்கானது அல்ல. முப்பது ஆண்டுகளாக வண்டிகளைப் பிரித்துப் பூட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன். சாதாரணக் குடும்பக் காரை வாங்குவதும் இதை வாங்குவதும் ஒன்றல்ல. இப்படிப்பட்ட வண்டியை வாங்கியவர்களில் பெரும்பாலோர் அதை மிதித்து ஓட்டவே வாங்கியிருப்பார்கள். அந்த மிதி எந்தப் படத்திலும் தெரியாது. இந்த அடிப்படை தெரியாமல் பலரும் இங்கே வந்து கேட்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

செம்மண்சாலை | புதன், காலை 8.05

மன்னிக்கவும் ஐயா, அவசரத்தில் விட்டுவிட்டேன். 2017 மாடல், 230. 41,000 கிலோமீட்டர். இரண்டாவது உரிமையாளர். நீல நிறம். குருகிராம் பதிவு. விற்பவர் வியாபாரி.

வட்டமானி | புதன், காலை 8.47

அப்படியென்றால் முதலில் காகிதங்களைப் பார்ப்போம். வண்டி டெல்லியில் நின்றாலும் பதிவு ஹரியானாவில் என்பதால், தடையில்லாச் சான்றுக்கான படிவம் 28 குருகிராம் ஆர்டிஓ அலுவலகத்தில்தான் கிடைக்க வேண்டும். நிலுவையில் உள்ள அபராதச் சலான்கள் கட்டப்படாமல் அது எளிதில் வராது. ஆர்சியில் கடன் குறிப்பு இருந்தால் வங்கியின் கடிதமும் அந்தக் குறிப்பை நீக்கும் படிவம் 35-உம் வேண்டும். பெயர் மாற்றத்துக்குரிய 29, 30 படிவங்களில் விற்பவர் பக்கத்தில் பொதுவாகக் கையெழுத்திடுபவர் ஆர்சியில் பெயர் உள்ளவரே. எனவே அந்த உரிமையாளருடன் ஒருமுறையாவது நேரடியாகத் தொலைபேசியில் பேசுங்கள். பேச விடமாட்டேன் என்று வியாபாரி சொன்னால் அதுவே போதுமான பதில்.

தமிழ்நாட்டில் மறுபதிவு செய்யும்போது வண்டியின் வயதுக்கேற்ற ஆயுள் வரியை மறுபடியும் கட்ட வேண்டும். 21 லட்சம் என்பது உங்கள் வாசலுக்கு வந்து சேரும் விலை அல்ல.

காப்பீட்டுப் பத்திரத்தின் நகலையும் கேளுங்கள். இழப்பீடு கோராத ஒவ்வோர் ஆண்டுக்கும் நோ கிளெய்ம் போனஸ் என்ற பிரீமியத் தள்ளுபடி 20, 25, 35, 45, 50 விழுக்காடு என ஏறிக்கொண்டே போகும், ஒருமுறை கோரினால் சுழியத்துக்கு வந்துவிடும். உரிமையாளர் வண்டியைச் சில ஆண்டுகளாக வைத்திருந்தும் பத்திரத்தில் போனஸ் சுழியமாக இருந்தால், என்ன விபத்து என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

கணினிப்பொறி | புதன், காலை 10.30

என் அனுபவத்தில், தொலைவிலிருந்து வாங்குகிறவருக்கு, வண்டியின் கணினிகளில் பதிவான கோளாறுகளைக் கருவியால் படிக்கும் முழு ஸ்கேன்தான் பெரிய துணை. வியாபாரியின் காணொளியை நம்ப வேண்டாம். பழைய கார் பரிசோதனை நிறுவனங்கள் தரும் டிக் அடித்த பட்டியலும் இந்த வண்டிக்குப் போதாது, ஏனென்றால் அதில் ஏசி குளிர்கிறதா, விளக்கு எரிகிறதா என்பதற்கே பாதி இடம் போய்விடும். ஸ்கோடாவும் அடங்கிய ஃபோக்ஸ்வாகன் குழும வண்டிகளை ஸ்கேன் செய்யும் விசிடிஎஸ் போன்ற கருவி வைத்திருக்கும், வியாபாரிக்குத் தொடர்பில்லாத ஒருவரை நீங்களே கண்டுபிடித்து அனுப்புங்கள். அவரிடம் மூன்று காரியங்களைக் கேளுங்கள்.

முதலாவது, என்ஜினை மட்டுமல்லாமல் வண்டியில் உள்ள எல்லாக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளையும் (சிறு கணினிகளை) ஸ்கேன் செய்து, அந்தக் கோப்பை முழுமையாக உங்களுக்கு அனுப்ப வேண்டும். இந்த வண்டிகளில் ஒரு கோளாறு பதிவாகும்போது, அந்த நேரத்தில் ஓடோமீட்டர் எத்தனை கிலோமீட்டர் காட்டியது என்பதும் சேர்ந்தே பதிவாகிறது. ஓடோமீட்டரைக் குறைத்தவர்கள் பெரும்பாலும் மலிவான கருவியால் என்ஜினின் கோளாறுக் குறியீடுகளை மட்டும் அழித்துவிட்டு நிம்மதி அடைவார்கள். கியர்பாக்ஸ், ஏபிஎஸ், கதவு, ஏர்பேக் ஆகியவற்றின் பெட்டிகளில் பழைய பதிவு அப்படியே கிடக்கும். 41,000 ஓடிய வண்டியில் அதைவிடக் கூடுதலான எண் ஓரிடத்தில் இருந்தாலும் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, ரெடினெஸ் மானிட்டர்களின் நிலை. வினையூக்கி, ஆக்சிஜன் சென்சார் முதலியவற்றை வண்டியே தானாகச் சோதித்து, சோதனை முடிந்தது என்று குறித்துக்கொள்ளும். குறியீடுகளை அழித்தால் இந்தக் குறிப்பும் அழிந்துவிடும். சில நாள்கள் ஊருக்குள்ளும் நெடுஞ்சாலையிலும் கலந்து ஓட்டினால்தான் திரும்ப நிரம்பும். பரிசோதனைக்கு வந்த வண்டியில் அவை முடியாமல் இருந்தால், அண்மையில் யாரோ எதையோ அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள் என்று பொருள்.

மூன்றாவது, ரீமேப், அதாவது என்ஜின் மென்பொருளை மாற்றுவது. இந்த என்ஜினுக்குக் கம்பெனி கொடுத்தது 230 குதிரைத்திறன், 350 நியூட்டன் மீட்டர். மென்பொருளை மாற்றினால் அது கணிசமாக உயரும் என்பதால் பலர் செய்திருப்பார்கள். விற்பதற்கு முன் பழைய மென்பொருளை ஏற்றிவிட்டால் ஓட்டத்தில் தெரியாது. ஆனால் டர்போவை அடுத்துள்ள புகைக்குழாயான டவுன்பைப்பை மாற்றிய தடம், ஏர்ஃபில்டர் பெட்டியை அடிக்கடி கழற்றிய திருகுகள், கம்பெனி பரிந்துரைத்ததைவிடக் குளிர்வகை ஸ்பார்க் பிளக் ஆகியவை கண்ணுக்குத் தெரியும். ரீமேப் செய்ததே குற்றம் என்று நான் சொல்லவில்லை. மறைத்துவிட்டு விற்பதுதான் ஆபத்து.

கொங்குக்காற்று | புதன், மதியம் 1.10

நண்பரே, இத்தனை சோதனையும் எதற்கு? அதில் இருப்பது டிஎஸ்ஜி என்ற இரட்டைக் கிளட்ச் தானியங்கி கியர்பாக்ஸ். நம் ஊர் வெயிலிலும் நெரிசலிலும் அது தாங்காது என்று ஊரறியும். எனக்குத் தெரிந்த மூன்று பேர் அதை இயக்கும் மின்னணுப் பாகமான மெகட்ரானிக்ஸை மாற்றிப் பெரும்பணம் இழந்தார்கள். டிஎஸ்ஜி என்றாலே விலகிவிடுங்கள்.

இரட்டைக்கிளட்ச் | புதன், மதியம் 2.02

இதை மறுக்காமல் இருக்க முடியவில்லை. நீங்கள் சொல்லும் அவப்பெயர் ஏழு கியர் கொண்ட உலர் கிளட்ச் வகையான டிகியூ200-க்கு உரியது. அது 250 நியூட்டன் மீட்டர் வரைதான் தாங்கும் என்பதால் இந்த என்ஜினோடு அதைப் பொருத்தவே முடியாது. 230 வண்டியில் இருப்பது எண்ணெயில் மூழ்கிய ஈரக் கிளட்ச் கொண்ட ஆறு கியர் டிகியூ250. அதன் கிளட்ச் வெப்பத்தை எண்ணெய் வாங்கிக்கொள்கிறது. ஒரே பெயர் இருப்பதால் இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமல்ல.

கொங்குக்காற்று | புதன், மதியம் 2.40

எண்ணெயில் மூழ்கினால் என்ன, மூழ்காவிட்டால் என்ன? மெகட்ரானிக்ஸ் இரண்டிலும் உண்டு. கெட்டால் செலவு செய்யப்போகிறவர் நீங்களா?

இரட்டைக்கிளட்ச் | புதன், மதியம் 3.05

கெடவே கெடாது என்று நான் எழுதவில்லை. எதைப் பார்க்க வேண்டும் என்பது வகைக்கு வகை மாறும் என்கிறேன். ஈர வகையில் 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை கியர்பாக்ஸ் எண்ணெயையும் வடிகட்டியையும் மாற்ற வேண்டும். நெரிசலில் ஊர்ந்து போகும்போது ஒன்றாம் கியருக்கும் இரண்டாம் கியருக்கும் இடையே உதைக்கிறதா, சாய்வில் ரிவர்ஸ் போட்டால் நடுங்குகிறதா என்று பார்க்க வேண்டும். வண்டி நன்றாகச் சூடேறிய பிறகே இவற்றைச் சோதிக்க வேண்டும். குளிர்ந்த நிலையில் நன்றாக மாறும் பெட்டி அரைமணி நேரம் கழித்து உண்மையைச் சொல்லும். பொத்தாம்பொதுவாக விலகச் சொன்னால் கேட்டவருக்கு என்ன உதவி?

பட்டறைமூத்தவர் | புதன், மாலை 5.45

இருவரும் கியர்பாக்ஸையே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். என்ஜினைப் பற்றி யாரும் சரியாகப் பேசவில்லை என்பதால் நானே எழுதுகிறேன். தம்பி, கவனமாகப் படித்துக்கொள்ளுங்கள்.

இந்த வண்டியில் இருக்கும் இஏ888 என்ற என்ஜின் வகையின் மூன்றாம் தலைமுறையில் வாட்டர் பம்ப்பும் தெர்மோஸ்டாட்டும் சேர்ந்த உறை பிளாஸ்டிக்கால் ஆனது. வயதானால் அங்கே கூலன்ட் கசிவது உலகெங்கும் தெரிந்த பலவீனம். கசிவு மெல்லியதாக இருப்பதால் தரையில் சொட்டாது. உறையைச் சுற்றிக் காய்ந்த இளஞ்சிவப்புப் பொருக்கு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும், கூலன்ட் மட்டம் குறைந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். டைமிங் சங்கிலியை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரின் கோளாறு முதன்மையாக 2012-க்கு முந்தைய என்ஜின்களுக்கு உரியது. ஆனாலும் இரவு முழுவதும் நின்ற வண்டியைக் காலையில் முதல் முறை கிளப்பும்போது எழும் ஒலியைக் கேட்டே ஆக வேண்டும். பரிசோதனைக்குப் போகிறவர் சொல்லாமல் கொள்ளாமல் அரைமணி முன்னதாகப் போய், முதல் வேலையாகப் போனட்டில் கை வைக்கட்டும். சூடாக இருந்தால் எதற்காகச் சூடேற்றி வைத்தார்கள் என்று கேட்கட்டும்.

பெயின்ட் அளவு கருவி இல்லாதவரை அனுப்பாதீர்கள். கம்பெனிப் பூச்சு ஏறக்குறைய 100 முதல் 160 மைக்ரான் வரை இருக்கும். 250, 300 என்றால் மறுபூச்சு, 1,000-ஐத் தாண்டினால் உள்ளே பட்டி. டெல்லி வண்டியில் பம்பரிலும் கதவிலும் மறுபூச்சு இருப்பது இயல்பு, அதற்காகப் பயப்பட வேண்டாம். கூரையிலோ தூண்களிலோ மறுபூச்சைக் காட்டும் எண் வந்தால் வாங்கக் கூடாது. நான்கு டயர்களின் பக்கவாட்டில் உள்ள நான்கிலக்க எண்ணையும் படம் எடுக்கச் சொல்லுங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். நான்கும் நான்கு வெவ்வேறு ஆண்டாக, விலை குறைந்த வெவ்வேறு பிராண்டாக இருந்தால், முந்தைய உரிமையாளர் பராமரிப்பில் எங்கெல்லாம் மிச்சம் பிடித்திருப்பார் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

நெடுவழி | புதன், இரவு 9.12

வாங்குவது உறுதியானால் கேரியர் லாரியில் வரவழையுங்கள். ஏறக்குறைய 2,500 கிலோமீட்டர் அறியாத வண்டியைத் தனியாக ஓட்டிவருவது வேண்டாம்.

செம்மண்சாலை | வியாழன், காலை 7.30

எல்லோருக்கும் நன்றி. பரிசோதனைக்கு ஆள் அனுப்புகிறேன் என்று வியாபாரியிடம் சொன்னேன். அனுப்பலாம், ஆனால் முன்பணம் வந்த பிறகுதான் என்கிறார். பரிசோதனையில் குறை வந்தால் திருப்பித் தருவதாக வாய்மொழியாகச் சொல்கிறார். வண்டி கைநழுவிவிடுமோ என்று மனம் அடித்துக்கொள்கிறது. என்ன செய்வது?

வட்டமானி | வியாழன், காலை 7.52

அனுப்பாதீர்கள். பரிசோதனைக்கு முன் கொடுக்கும் முன்பணம் உங்கள் கையைத்தான் கட்டும், வியாபாரியின் கையைக் கட்டாது. பரிசோதனை முடிந்த அன்றே பணம் அனுப்புவதாக எழுத்தில் சொல்லுங்கள். உண்மையிலேயே வேறு இருவர் வரிசையில் நின்றால், ஒரு நாள் காத்திருப்பதில் அவருக்கு நட்டம் எதுவும் இல்லை.

கணினிப்பொறி | வியாழன், காலை 8.15

நானும் அதையே சொல்கிறேன். சேஸிஸ் எண்ணை வாங்கி, அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையம் ஒன்றில் கடைசியாகப் பதிவான கிலோமீட்டரை உரிமையாளர் மூலமாகக் கேட்டுப் பாருங்கள். மறைக்க ஒன்றும் இல்லாதவர் அன்று மாலையே பில்களை அனுப்பிவிடுவார்.

பட்டறைமூத்தவர் | வியாழன், காலை 9.00

நேரில் போங்கள் என்று நேற்றே சொன்னேன். இன்றும் அதையே சொல்கிறேன். போக முடியாவிட்டால் முன்பணம் மட்டும் அனுப்பிவிடாதீர்கள் தம்பி.

செம்மண்சாலை | திங்கள், இரவு 11.20

முன்பணம் அனுப்பவில்லை. சனிக்கிழமை காலை ஒருவரை அனுப்பினேன். முன்னதாகவே போயும் போனட் சூடாகத்தான் இருந்ததாம். என்ஜினில் குறியீடு எதுவும் இல்லை, ஆனால் ரெடினெஸ் பாதி முடியவில்லை. கியர்பாக்ஸின் கட்டுப்பாட்டுப் பெட்டியில் ஒரு பழைய கோளாறு 68,214 கிலோமீட்டரில் பதிவாகியிருக்கிறது. விட்டுவிட்டேன். அனைவருக்கும் மிக்க நன்றி.

இரட்டைக்கிளட்ச் | செவ்வாய், காலை 6.50

தப்பித்தீர்கள், மகிழ்ச்சி. அந்தக் கோளாறின் குறியீட்டு எண் என்ன என்று இங்கே போட முடியுமா? கிளட்ச் வெப்பம் சார்ந்ததா, வெறும் மின்னழுத்தக் குறைவா என்று தெரிந்தால் மற்றவர்களுக்கும் பயன்படும்.

வட்டமானி | செவ்வாய், காலை 7.25

இன்னொன்றையும் இங்கே பதிந்துவைக்கிறேன். உண்மையில் 68,000-க்கு மேல் ஓடிய வண்டி 41,000 என்று காட்டும்போது, 60,000-இல் மாற்ற வேண்டிய கியர்பாக்ஸ் எண்ணெயை அடுத்த உரிமையாளர் இன்னும் 19,000 கிலோமீட்டருக்குத் தள்ளிப்போடுவார். குருகிராம் பதிவெண் கொண்ட நீல நிற 230 வண்டியை வேறு யாராவது பார்த்துக்கொண்டிருந்தால், அந்த எண்ணெய் மாற்றிய பில்லை முதலில் கேளுங்கள்.