முதல் லெவல் தூக்க மந்திரம்: உங்கள் மேசையில் என்ன நடந்தது?

அஸ்தம்பட்டி மாஸ்டர்:
நாங்கள் ஆடுவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டிக் கதாபாத்திரமாக ஆடும் விளையாட்டு; 2014 விதிகள். சேர்வராயன் கோயில் குகையை மனதில் வைத்துக் கோப்ளின் என்ற குட்டி அரக்கர்களின் குகை ஒன்றை ஆசை ஆசையாக வரைந்திருந்தேன். வாசலில் ஆறு காவல். மந்திரவாதியாக ஆடும் தம்பி தூக்க மந்திரம் போட்டு எட்டுமுகப் பகடை ஐந்தை உருட்டினார். கூட்டினால் 29; அத்தனை ஹிட் பாயிண்ட், அதாவது உயிர்ப்புள்ளி, அளவுக்கு எதிரிகள் தூங்குவார்கள். கோப்ளினுக்குத் தலைக்கு 7 ஹிட் பாயிண்ட்; நான்கு சரிந்தன. தப்பிக்க சேவிங் த்ரோ என்ற தற்காப்புப் பகடையும் கிடையாது. மிச்சம் இரண்டும் மற்றவர்களை உலுக்கி எழுப்பியிருக்கலாம், ஆனால் முறை வருமுன்பே அம்பு பட்டுச் செத்தன. தூங்குகிறவனை அருகில் நின்று வெட்டினால் பட்ட வெட்டெல்லாம் கிரிட்டிகல், சேதப் பகடை இரட்டிப்பு. சொல்லியிருந்த தட்டுவடை செட் வருவதற்குள் குகை காலி. முதல் லெவலுக்கு இது அநியாயம் இல்லையா?

சூரமங்கலம் விசார்ட்:
அந்தத் தம்பிக்கு அந்த லெவலில் இரண்டே ஸ்லாட், அதாவது மந்திரம் போடும் வாய்ப்பு. அதில் ஒன்றைச் செலவழித்திருக்கிறார், பலன் வேண்டாமா? ஐந்தாம் லெவலுக்கு வந்து பாருங்கள். ஓகர் என்ற பெரிய அரக்கனுக்கு 59 ஹிட் பாயிண்ட். அடிபட்டுப் பாதியாகியிருந்தது, நம்பி உருட்டினேன். 20 அடி ஆரமுள்ள மந்திர வட்டத்துக்குள் எங்கள் திருடனும் நிற்பதை யாரும் கவனிக்கவில்லை. மந்திரம் குறைந்த ஹிட் பாயிண்டிலிருந்துதான் கணக்கைத் தொடங்கும். அவரிடம் இருந்தது 4. ஓகரின் காலடியிலேயே சுருண்டு படுத்தார். ஓகர் கண்கூட இமைக்கவில்லை. பக்கத்தில் நின்ற எல்ஃப் தப்பித்தார், அந்த இனத்தை மந்திரத்தால் தூங்கவைக்க முடியாது.

ஏற்காட்டுக்காரன்:
நாங்கள் 2024 விதிகளுக்கு மாறிவிட்டோம். ஹிட் பாயிண்ட் கணக்கே இல்லை, எதிரியின் விஸ்டம் (விவேகம்) மதிப்பை வைத்து உருட்டும் சேவிங் த்ரோதான். வட்டம் 5 அடியாகச் சுருங்கிவிட்டது, மந்திரம் நிலைக்க மந்திரவாதியின் கவனம் (கான்சென்ட்ரேஷன்) கலையாமலும் இருக்க வேண்டும். முதலில் தோற்றால் செயலிழப்பு, மறுபடி தோற்றால்தான் தூக்கம். கூட்டத்துக்கு உதவாது. ஆனால் ஓகரின் விஸ்டம் வெறும் 7; மண்டையில் ஒன்றுமில்லாத பெரிய உருப்படிகளுக்கு இப்போதுதான் இந்த மந்திரம் சரியான மருந்து.

அஸ்தம்பட்டி மாஸ்டர்:
நியாயம்தான். ஆனாலும் ஐந்து பகடையை அள்ளி உருட்டும் அந்தச் சத்தத்தை விட மனமில்லை. 2014 விதியே தொடரட்டும். கோப்ளின்களைச் சிதறி நிற்கவைக்கிறேன், நடுவில் இரண்டு எலும்புக்கூடுகளையும் சேர்க்கிறேன். செத்தும் நடமாடுபவற்றை அந்த மந்திரம் தொடாது.