பார்த்த இடத்தைப் பொதுவில் சொல்லலாமா? ஓர் ஆந்தைக் கூட்டை முன்வைத்து

வாலாஜா வாத்தியார்:
சென்ற ஞாயிறன்று மாணவர்கள் பதினெட்டுப் பேருடன் காவேரிப்பாக்கம் ஏரிக்கும், திரும்பும் வழியில் ஒரு பாறைக் குன்றுக்கும் சென்றிருந்தோம். குன்றின் விளிம்பில் கொம்பன் ஆந்தை ஒன்று இரண்டு குஞ்சுகளுடன் இருந்ததை இங்கே எழுதி, இரண்டு இடங்களுக்கும் கூகுள் வரைபடக் குறியும் இட்டிருந்தேன். ஆந்தை இருக்கும் இடத்தை உடனே நீக்க வேண்டும் என்று மூவர் தனிச் செய்தி அனுப்பியிருக்கிறார்கள். நீக்குவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் முன் என் தரப்பைச் சொல்லிவிடுகிறேன்.

நம் பக்கத்துப் பிள்ளைகளைப் பறவை பார்க்க எங்கே போகலாம் என்று கேட்டால் வேடந்தாங்கல் என்கிறார்கள். வீட்டிலிருந்து அரை மணி நேரத் தொலைவில், பாலாற்று அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியாக நீர் பெறும் இத்தனை பெரிய ஏரியில் ஊசிவால் வாத்தும் நாமக்கோழியும் கூட்டம் கூட்டமாக மிதப்பது அவர்களுக்குத் தெரியாது. இடத்தைச் சொல்லாமல் ஆர்வத்தை எப்படி வளர்ப்பது? குன்றைப் பொறுத்தவரை என் அச்சம் வேறு. நாளை அங்கே கல் குவாரிக்கு அனுமதி கேட்டு யாராவது வந்தால், இங்கே ஆந்தை குஞ்சு பொரித்தது என்று காட்டுவதற்கு ஏதாவது பதிவு இருக்க வேண்டாமா?

ஓட்டேரிக்காரன்:
ஐயா, அந்த மூவரில் நானும் ஒருவன். ஏரியைப் பற்றி எனக்கு மறுப்பில்லை, கூட்டைப் பற்றித்தான். கூடு என்று சொல்கிறோமே தவிர, கொம்பன் ஆந்தை கூடு கட்டுவதே இல்லை. வெறும் பாறைத் திட்டிலோ மண்சரிவிலோ முட்டையிடுகிறது. மறைப்பு எதுவும் இல்லாத இடமாதலால், ஆள் நெருங்கியதும் தாய் எழுந்து போய்விட்டால் குஞ்சுகள் வெயிலுக்கும் காக்கைக்கும் நேராக விடப்பட்டவை ஆகின்றன.

நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் காட்பாடிப் பக்கத்துக் குன்று ஒன்றின் இடம் ஒரு வாட்ஸாப் குழுவில் பரவியது. முதல் வாரம் இருவர் வந்தார்கள். மூன்றாவது வாரம் பதினொரு பேரை நானே எண்ணினேன். ஆந்தை கண்ணை மூடிக்கொண்டிருந்ததால், ஆரஞ்சு நிறக் கண் படத்தில் விழ வேண்டும் என்று ஒருவர் சிறு கல்லை எடுத்துப் பாறையில் எறிந்தார். அடுத்த வாரம் போனபோது திட்டில் எச்சத்தின் வெள்ளைத் தடமும், செரிக்காததை ஆந்தை கக்கிய, எலி எலும்புகள் துருத்திய இரண்டு உமிழ் உருண்டைகளும் மட்டுமே கிடந்தன. அந்தக் கல்தான் காரணம் என்று என்னால் நிறுவ முடியாது. ஆனால் அதற்குப் பிறகு எந்தக் கூட்டின் இடத்தையும் நான் யாருக்கும் சொன்னதில்லை.

1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் ‘வேட்டை’ என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்தில், காட்டுப் பறவைகளின் முட்டைகளையும் கூடுகளையும் தொந்தரவு செய்வதும் அடங்கும். படம் எடுக்கத்தானே போனோம் என்பது அங்கே செல்லுபடியாகாது.

மாலை வெளிச்சம்:
கேமரா வைத்திருப்பவரெல்லாம் கல்லெறிகிறவர் என்பது போல எழுதுவது நியாயமன்று. நான் பத்தாண்டுகளாகப் படம் எடுக்கிறேன். கூட்டுப் பக்கம் போவதில்லை. ஜவ்வாது மலையடிவாரத்தில் ஆறுமணிக் குருவிக்குக் கைப்பேசியில் அதன் குரலை ஒலிக்கவிட்டு வரவழைத்திருக்கிறேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அது குளிர்காலத்தில் இங்கே வலசை வருகிற பறவை, முட்டையிடுவது வடக்கே. கூடே இல்லாத காலத்தில் இரண்டு நிமிட ஒலியால் அதற்கு என்ன கெட்டுவிடப் போகிறது?

ஓட்டேரிக்காரன்:
கூடு இல்லாவிட்டாலும் இரை தேடும் எல்லை அதற்கு உண்டு. பல நூறு கிலோமீட்டர் பறந்து வந்து, சருகைக் கிளறிப் புழு தின்று உடலைத் தேற்ற வேண்டிய பறவை, இன்னொன்று தன் எல்லைக்குள் புகுந்துவிட்டதென்று நம்பி உங்கள் கைப்பேசியோடு சண்டைக்கு வருகிறது. நீங்கள் ஒருவர் இரண்டு நிமிடம்தான். இடம் தெரிந்துவிட்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் எத்தனை பேரின் இரண்டு நிமிடம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

வாத்தியார் ஐயா குவாரியைக் குறிப்பிட்டதால் ஒன்று. தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாறு கெட்டது குறித்த வேலூர் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம், கேடு முழுமையாக நிரூபணமாகும் வரை காத்திராமல் முன்னெச்சரிக்கையோடு நடக்க வேண்டும் என்ற கொள்கையை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று ஏற்றது. நம் ஆற்றின் பெயரால் வந்த அந்தக் கொள்கையை ஓர் ஆந்தைக்கும் கடைப்பிடிக்கலாமே.

கடைமடை:
நான் பறவை பார்க்கப் போகிறவன் அல்லன்; அந்த ஏரித் தண்ணீரில் பயிர் வைக்கிறவன். இரண்டு தரப்பாரிடமும் எனக்குக் குறை உண்டு.

இடத்தை மறைத்துவிட்டால் பறவை பிழைத்துவிடும் என்கிறார் ஓட்டேரிக்காரர். கண்ணி வைக்கிறவன் வரைபடம் பார்த்தா வருகிறான்? மடையான் எந்த மரத்தில் அடைகிறது என்பது அவனுக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். நாலு பேர் வந்து போகிற கரையில்தான் அவன் தயங்குகிறான். அந்த வகையில் வாத்தியார் சொல்வதில் ஞாயம் இருக்கிறது.

ஆனால் வாத்தியாரே, உங்கள் குறியைப் பார்த்து வருகிறவர்கள் காரை ஏரிக்கரை மேலேயே ஏற்றி நிறுத்துகிறார்கள். தை மாத அறுவடை நேரத்தில் நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர் ஒரு மணி நேரம் ஒலி எழுப்பிக்கொண்டு நின்றது எங்களுடையதுதான். நத்தைக்குத்தி நாரையைப் படம் எடுக்க நடவு வயலுக்குள் இறங்கியவரை வரப்புக்குக் கூப்பிட்டபோது, பறவை எல்லோருக்கும் பொது என்று பாடம் சொன்னார். பறவை பொதுதான், நாற்று என்னுடையது. மதகில் அடைத்திருந்த தண்ணீர்ப் போத்தல்களை நானே ஒரு சாக்கு நிறைய அள்ளினேன்.

வாலாஜா வாத்தியார்:
கடைமடை ஐயா சொன்ன டிராக்டர் நாளில் வந்தது எங்கள் வேன் இல்லை என்று சொல்லித் தப்பிக்க விரும்பவில்லை. அடுத்த முறையும் அப்படி நடக்காது என்பதற்கு நான் பொறுப்பு.

ஆந்தைக் குன்றின் குறியை இன்று காலை நீக்கிவிட்டேன். குவாரி பற்றிய என் அச்சம் தீரவில்லை. ஆகவே தேதி, படம், இடம் மூன்றையும் வனச்சரக அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையும் வாங்கப் போகிறேன். பார்த்த பறவைகளைப் பதியும் இணையதளமான இ-பேர்டின் பட்டியலில் குஞ்சுகள் பறந்த பிறகே பதிவேன். ஏரியின் குறி அப்படியே இருக்கும். அதில் மட்டும் ஓட்டேரிக்காரரும் என்னோடு உடன்படுகிறார் என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஓட்டேரிக்காரன்:
தை, மாசிக்கு உடன்படுகிறேன். பங்குனிக்கு மேல் நீர் வற்றி ஏரியின் உள்வாய் திறந்துகொள்ளும்போது ஆள்காட்டிக் குருவி வெறுந்தரையில் முட்டையிடும். மண்ணாங்கட்டி நிறத்தில் நாலு முட்டை. மிதித்த பிறகுதான் தெரியும். அப்போது பதினெட்டுப் பிள்ளைகளை உள்ளே இறக்கினால் மறுபடியும் இங்கே வந்து எழுதுவேன்.

கடைமடை:
உள்ளே இறங்கவே தேவையில்லை. கரை கிழக்கே இருக்கிறது. காலையில் வந்தால் வெயில் முதுகுப் பக்கம் விழும், தண்ணீரில் எல்லாம் துலக்கமாகத் தெரியும். வேனை நெடுஞ்சாலை ஓரத்துப் பேருந்து நிறுத்தத்திலேயே விட்டுவிட்டு நடந்து வாருங்கள்.