பிறையில் டீசல் கசிந்த நிலம்: ஒரு மீட்டர் மண்ணை அள்ளினால் போதுமா?

கேள்வி: பிறைவாசி

வணக்கம். மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் உள்ள பிறை தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவைக் கவனித்து வருகிறேன். கொதிகலனுக்கான டீசலைச் சேமித்து வைத்த பழைய நிலத்தடித் தொட்டியை அண்மையில் அகற்றினோம். குழியின் சுவர்கள் கறுத்திருந்தன. அடியில் ஊறிய நீரின்மேல் எண்ணெய்ப் படலம் மிதந்தது. பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் பரப்பில் ஒரு மீட்டர் ஆழம் தோண்டி, புதிய மண் நிரப்பினால் வேலை முடிந்துவிடும் என்கிறார் ஒப்பந்தக்காரர். வாடகை ஒப்பந்தம் முடிந்து நிலத்தை உரிமையாளரிடம் ஒப்படைக்கவிருக்கிறோம். அவர் சொல்வது சரிதானா?

பதில்: நிலத்தடி

ஐயா, நீரின்மேல் எண்ணெய் மிதந்தது என்ற ஒரு வரியே அந்த யோசனையைத் தள்ளிவைக்கப் போதுமானது. டீசல் நீரைவிட இலேசானது என்பதால், கசிந்தது கீழே இறங்கி நிலத்தடி நீர்மட்டத்தைத் தொட்டதும் பக்கவாட்டில் பரவும். நீர்மட்டம் ஏறி இறங்கும் பட்டையில்தான் பெரும்பகுதி தங்கியிருக்கும். பிறைப் பகுதியின் தரை பெரும்பாலும் ஆறும் கடலும் படிவித்த களிமண், இடையிடையே மணல் அடுக்குகள். களிமண் எண்ணெயை எளிதில் விடாது. மணல் அடுக்கோ அதைத் தொலைவுக்குக் கொண்டுபோய்விடும். குழாய் பதிக்கத் தோண்டி மணல் நிரப்பிய பழைய பள்ளங்களும் அப்படித்தான். எதையும் அளக்காமல் ஒரு மீட்டர் என்று அவர் எப்படி முடிவு செய்தாரோ!

தொட்டி, குழாய் இணைப்பு, டீசல் நிரப்பும் வாய் ஆகியவற்றைச் சுற்றித் துளையிட்டு, வெவ்வேறு ஆழங்களில் மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். ஒரே நேர்கோட்டில் அமையாத மூன்று கண்காணிப்புக் கிணறுகளாவது இருந்தால்தான் நிலத்தடி நீர் எத்திசையில் நகர்கிறது என்று கணிக்க முடியும். ஆறு அருகில் இருந்தால் கடல் ஏற்றவற்றத்தால் மட்டம் மாறும். ஒரு தடவை அளந்ததை நம்ப வேண்டாம். களிமண் நிலத்தில் கிணற்றுக்குள் தெரியும் எண்ணெயின் தடிமன் மண்ணில் உள்ளதைவிட மிகுதியாகவே காட்டும் என்பதால், அதை அப்படியே பரப்பால் பெருக்கிக் கணக்கிடுவதும் தவறாகும். பழைய அலையாத்திச் சேறு என்றால், அதிலுள்ள இயற்கையான மட்குப் பொருளும் பெட்ரோலிய ஹைட்ரோகார்பன் (டீசல் போன்ற எண்ணெய்களில் உள்ள சேர்மங்கள்) அளவோடு சேர்ந்துவிடலாம். ஆகவே மாதிரியைச் சிலிக்கா ஜெல்லால் சுத்திகரித்தபின் அளக்குமாறு ஆய்வுக்கூடத்திடம் கேளுங்கள்.

பதில்: கழிவுக் கணக்கர்

சட்டப் பக்கத்தையும் பார்த்துவிடுங்கள். எண்ணெய்க் கசிவைத் துப்புரவு செய்யும்போது கிடைக்கும் மண், 2005ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு (சட்டம் பட்டியலிட்டுக் கட்டுப்படுத்தும் அபாயக் கழிவு) விதிமுறைகளின்படி எஸ்டபிள்யூ 408 என்ற குறியீட்டு வகையில் சேரும். வளாகத்தில் 180 நாள்களுக்கு மேலோ 20 டன்னுக்கு மேலோ அனுமதியின்றி வைத்திருக்க முடியாது. உங்கள் ஒப்பந்தக்காரரின் குழி 100 கன மீட்டர். ஈரக் களிமண் என்றால் ஏறத்தாழ 180 டன். சாதாரண லோரியில் ஏற்றி எங்காவது கொட்டினால் பொறுப்பு உங்கள் நிறுவனத்தின் தலையில்தான் விழும். சுற்றுச்சூழல் துறை 2009இல் வெளியிட்ட மாசடைந்த நில வழிகாட்டிகளில், குடியிருப்பு நிலத்துக்கும் தொழில் நிலத்துக்கும் தனித்தனி வரம்பு அளவுகள் உள்ளன. உரிமையாளர் அந்நிலத்தை எதற்குப் பயன்படுத்தப் போகிறார் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பிறைவாசி

இருவருக்கும் நன்றி. தோண்டிய மண்ணை வளாகத்திலேயே சுத்திகரிக்க வழி உண்டா?

பதில்: நிலத்தடி

துறையின் அனுமதி கிடைத்தால் உண்டு. மண்ணைக் குவித்து, காற்றும் ஈரமும் தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) கொடுத்தால், நுண்ணுயிர்கள் டீசலைச் சிதைக்கும். நம் ஊர் வெப்பம் அதற்கு உகந்தது. கார்பன், தழைச்சத்து, மணிச்சத்து ஆகியவற்றை 100:10:1 என்ற விகிதத்தில் வைப்பது வழக்கம். களிமண்ணில் காற்றுப் புகாது, மரத்தூள் போன்ற ஒன்றைக் கலந்தாக வேண்டும். மழைநீர் இறங்காமல் மூடி, அடியில் தடித்த பிளாஸ்டிக் விரிப்பும் போடுங்கள். ஆனால் மிதக்கும் எண்ணெயை உறிஞ்சி எடுப்பதுதான் முதல் வேலை. குழியை நிரப்புமுன் சுவர்களிலும் அடித்தளத்திலும் மாதிரி எடுத்து, முடிவு வரும்வரை திறந்தே வைத்து, மழை புகாமல் கூரை போட்டுவிடுங்கள்.