ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் பிசியா, பிஎஸ்5-ஆ?

மொட்டைமாடி:
ஹாலில் 55 இன்ச் 4கே டிவி இருக்கிறது. சோனியின் கேம் கன்சோல் பிஎஸ்5 வாங்கலாம் என்றிருந்தேன். அண்ணன் பையன், "சின்ன கேபினெட்டில் பிசி கட்டி ஸ்டீம்ஓஎஸ் போடுங்க சித்தப்பா, கேம் எல்லாம் மலிவு" என்கிறான். ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையை நடத்தும் வால்வ் கம்பெனி, விண்டோஸுக்குப் பதிலாகப் போடத் தரும் லினக்ஸ் சிஸ்டமாம் அது. ராத்திரி சீரியல் முடிந்த பிறகுதான் டிவி என் கைக்கு வரும். உட்கார்ந்ததும் விளையாட வேண்டும். பிசி இதற்குச் சரிப்படுமா?

சோபாவாசி:
எங்கள் ஹாலில் பிசிதான். ஏஎம்டி கிராபிக்ஸ் கார்டு, பஸைட் என்ற லினக்ஸ் போட்டிருக்கிறேன் (ஸ்டீம்ஓஎஸ் மாதிரியே இருக்கும்). கேம் ஓடுவதில் குறையே இல்லை. அதைச் சுற்றியுள்ள சில்லறை வேலைகளில்தான் கன்சோல் ஜெயிக்கிறது.

பிஎஸ்5-இல் கன்ட்ரோலர் பட்டனை அமுக்கினால் டிவியும் சேர்ந்து எழுந்து இன்புட்டைத் தானே மாற்றிக்கொள்ளும். எச்டிஎம்ஐ-சிஇசி என்பார்கள். பிசி கிராபிக்ஸ் கார்டுகளில் பெரும்பாலும் அது கிடையாது. ஆகவே ரிமோட்டையும் தேட வேண்டும், எங்கள் வீட்டில் அது எப்போதும் அம்மா கையில். இன்னொன்று, லினக்ஸில் ஏஎம்டி கார்டை இயக்கும் ஓப்பன் சோர்ஸ் டிரைவரில் எச்டிஎம்ஐ 2.1 (டிவி கேபிளில் 4கே படத்தை 120 ஹெர்ட்ஸில் அனுப்பும் தரம்) சேர்க்க, அந்தத் தரத்தை வகுக்கும் எச்டிஎம்ஐ ஃபோரம் 2024-இல் சம்மதிக்கவில்லை. மானிட்டராக இருந்தால் டிஸ்பிளேபோர்ட் என்ற இன்னொரு போர்ட்டில் மாட்டித் தப்பித்துக்கொள்ளலாம். டிவிகளில் அந்த போர்ட் பெரும்பாலும் இருப்பதில்லையே! 4கே-வில் 120 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 120 படம்) கேட்பவர்களுக்கு இது பெரிய இடைஞ்சலாகிவிட்டது.

பையன் சொல்வதைத் தள்ளிவிடவும் முடியாது. வால்வ் 2015 நவம்பரில் இதே ஆசையோடுதான் ஸ்டீம் மெஷின்கள் என்ற ஹால் பிசிக்களை இறக்கியது. ஏலியன்வேர் கம்பெனி செய்த பெட்டி 449 டாலரில் தொடங்கியது. உள்ளே லினக்ஸ், மக்கள் விளையாட நினைத்த கேம்களோ பெரும்பாலும் விண்டோஸுக்கு எழுதியவை. யார் வாங்குவார்கள்? 2018-இல் வால்வின் புரோட்டான் மென்பொருள் வந்து விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட்டிக் காட்டிய பிறகுதான் நிலைமை மாறியது. 2022-இல் வந்த ஸ்டீம் டெக் (வால்வின் கையடக்க கேம் பிசி) அந்த பலத்தில்தான் நின்றது.

பழையடிஸ்க்:
மலிவு என்பதைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். ஸ்டீம் சேலில் விலை இறங்கும், ஆன்லைனில் விளையாட தனிச் சந்தாவும் இல்லை. பிஎஸ்5-இல் பெரும்பாலான கேம்களை ஆன்லைனில் ஆட பிஎஸ் பிளஸ் சந்தா கட்ட வேண்டும். ஆனால் டிஸ்க் வாங்கினால் முடித்த கையோடு விற்றுவிடலாம். நான் ஒரு கேமை விற்ற காசில்தான் அடுத்ததை வாங்குகிறேன். ஸ்டீமில் வாங்கியது கடைசிவரை உங்கள் தலையில்தான்.

மொட்டைமாடி:
நன்றி நண்பர்களே. நான் அதிகம் ஆடுவது இஏ எஃப்சி ஃபுட்பால்தான். பையன் வந்தால் வேலரண்ட் என்ற ஆன்லைன் துப்பாக்கிச் சண்டை கேம் கேட்பான்.

சோபாவாசி:
இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா! இரண்டுமே ஆன்டி-சீட் (கள்ளத்தனம் செய்து ஆடுபவர்களைப் பிடிக்கும் மென்பொருள்) காரணமாக லினக்ஸில் ஓடாது, புரோட்டான் இருந்தும் பயனில்லை. பிசியில் விண்டோஸ் போட்டால் ஓடும், ஆனால் ராத்திரி டிவி கைக்கு வரும் நேரம் பார்த்து அப்டேட் கேட்டு நிற்கும். வேலரண்ட் 2024-லிருந்து பிஎஸ்5-இலும் இருக்கிறது. பிஎஸ்5-ஐயே வாங்குங்கள். டிஸ்க் டிரைவ் உள்ள மாடலாகப் பாருங்கள், இல்லாவிட்டால் மேலே சொன்ன விற்றுவாங்கும் வேலை நடக்காது.