புதுப்பிப்பு: யாலவா, உடவளவையா?

செப்டம்பரில் பெங்களூரிலிருந்து அப்பா, அம்மாவோடு இலங்கை போகிறோம், எந்தத் தேசியப் பூங்காவுக்குப் போகலாம் என்று கேட்டிருந்தேன். போய் வந்துவிட்டோம். வறட்சி என்றால் யாலவின் முக்கியப் பகுதியை அந்த மாதம் மூடிவிடுவார்கள் என்று எச்சரித்தவர்களுக்கு நன்றி, உடவளவைக்கே போனோம்.

நீர்த்தேக்கத்தைச் சுற்றி 1972-இல் அமைத்த பூங்கா. பெரும்பாலும் புல்வெளி, அதனால் யானைகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஒரு தாய் யானை புல்லைக் காலால் உதைத்துப் பெயர்த்து, மண் உதிரத் தட்டித் தட்டித் தின்றது. அம்மா கண்ணெடுக்கவே இல்லை.

அப்புறம், பக்கத்திலிருக்கும் யானைக்குட்டிக் காப்பகத்தையும் பாருங்கள். தாயில்லாக் குட்டிகளுக்குப் பால் புகட்டி, வளர்ந்ததும் காட்டில் விடுகிறார்கள். தொட விடமாட்டார்கள், தள்ளி நின்றுதான் பார்க்க வேண்டும். அதுதான் முறை. யானைச் சவாரிக்குக் கொடுக்கும் காசை இங்கே கொடுங்கள்.